அப்பாவின் விமானம் நொண்டிய வாரம்

என் அப்பா விமானம் ஓட்டுகிறார். நிஜ விமானத்தில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. ஆனால் தினமும் காலையில் தன் அறை ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் திரைக்குள் ஒன்றைக் கிளப்பி, மதியச் சாப்பாட்டுக்குள் எங்காவது இறக்கிவிடுவார். மழையில் இறக்குவார், பனிமூட்டத்தில் இறக்குவார். ஒருநாள் கடலில் இறக்கிவிட்டு, "பயணிகள் எல்லாரும் பத்திரம்" என்று சமையலறைக்கு வந்து எனக்குத் தகவல் சொன்னார்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கற்றுக்கொள்கிறவர்கள் தப்புச் செய்யும்போது எனக்கென்று தனியாகப் பொருத்திய பிரேக்கை மிதிப்பதுதான் பிழைப்பு. அதனால் யார் எதை ஓட்டினாலும் என் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். அப்பாவுக்குப் பின்னால் நின்று அவர் விமானத்தை இறக்குவதைப் பார்த்தால் அன்று முழுக்க எனக்குக் கெண்டைக்கால் வலி.

அப்பா முப்பத்தைந்து வருஷம் மின்சார அலுவலகத்தில் மீட்டர் சோதிக்கும் வேலை பார்த்தவர். வீடு வீடாகப் போய் மீட்டர் சரியாக ஓடுகிறதா, யாராவது அதில் கை வைத்திருக்கிறார்களா என்று பார்க்கிற வேலை. அழுது புரண்டவர்கள், சத்தியம் செய்தவர்கள், நாயை அவிழ்த்துவிட்டவர்கள் என்று எல்லாரையும் பார்த்தவருக்குக் கடைசியில் ஒரே நம்பிக்கைதான் மிஞ்சியது. மனுஷன் பொய் சொல்வான், மீட்டர் சொல்லாது.

அம்மா போன பிறகு எங்களோடு இருக்க வந்தார். முதல் சில மாதங்கள் அந்த ஜன்னலோரத்திலேயே, தெருவைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், சாப்பிட்டால் போவார். அவர் இருக்கிறாரா என்று நான் அடிக்கடி எட்டிப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் கீழ்த்தளத்தில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். அவர்தான் திரையில் படங்களை வேகமாகக் காட்ட நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்டு, விமானம் ஓட்டும் விளையாட்டையும் ஏற்றி, ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து அந்த மேசையில் வைத்தார். அன்றைக்கு எனக்கு என் அப்பா திரும்பக் கிடைத்தார். இதை நான் என் வீட்டுக்காரரிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

திரையின் மேல் மூலையில் ஒரு பச்சை எண் ஓடிக்கொண்டிருக்கும். கிராபிக்ஸ் கார்டு எவ்வளவு வேகத்தில் வேலை செய்கிறது என்று காட்டும் சின்ன நிரல் அது. மீட்டர் இல்லாத பொருள் எதையும் அப்பா நம்பமாட்டார் என்பதால் என் வீட்டுக்காரரே அதைப் போட்டுக் கொடுத்திருந்தார். விமானம் கிளம்பினால் எண் ஆயிரத்து எண்ணூறைத் தாண்டும். அப்பாவுக்கு அதில் ஒரு பெருமை. யார் வீட்டுக்கு வந்தாலும் முதலில் அந்த எண்ணைத்தான் காட்டுவார்.

ஒரு திங்கட்கிழமை காலை, "புதிய டிரைவர் வந்திருக்கிறது, ஏற்றவா?" என்று கம்ப்யூட்டர் கேட்டது. டிரைவர் என்றால் எனக்கு வேறு ஞாபகம் வரும். இது கார்டோடு பேசி வேலை வாங்குகிற மென்பொருளாம். மரியாதையாகக் கேட்கிறதே என்று அப்பா சரி என்று அழுத்திவிட்டார். கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. விமானத்தைக் கிளப்பினார். மூலையில் இருந்த எண் முந்நூறு. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. முந்நூறு.

"ஏம்மா, இங்க வா. விமானம் நொண்டுது" என்றார்.

நான் பார்த்தேன். எப்போதும் போலத்தான் போய்க்கொண்டிருந்தது. என் காலும் எப்போதும் போலத் தரையை அழுத்தியது.

"நல்லாத்தானேப்பா போகுது?"

"உனக்கு காரைத் தவிர என்ன தெரியும்? எண்ணைப் பாரு. ஆறுல ஒரு பங்குகூட இல்ல. அந்த வளைவுல திரும்பும்போது இழுக்குது பாரு."

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கீழே போய் என் வீட்டுக்காரரை அனுப்பினேன்.

அவர் வந்தார். அவர் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டதுமே அப்பா விமானத்தை நிறுத்தி, திறந்திருந்த எல்லாவற்றையும் மூடி, கைகட்டி எழுந்து நின்றார். சோதிக்கும்போது மின்சாரம் இழுக்கிற சுமை எதுவும் ஓடக்கூடாது என்பது அவர் உத்தியோகத்தின் பாலபாடம். என் வீட்டுக்காரர் எண்ணைப் பார்த்தார், முந்நூறு. "டிரைவர் கோளாறா இருக்கும் மாமா" என்று அதை அடியோடு நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினார். முந்நூறு. பழைய டிரைவரையே தேடிப் போட்டார். முந்நூறு. கார்டைக் கழற்றி, கீழே கொண்டுபோய்த் தூசி ஊதி, அதன் பித்தளைப் பற்களைத் துடைத்து, திரும்பக் கொண்டுவந்து சொருகினார். முந்நூறு.

"சும்மா இருக்கும்போது இது கம்மியாத்தான் காட்டும் மாமா. வேலை வந்தா ஏறும்."

"ஏறலையே மாப்பிள்ளை. நான் ஓட்டிப் பாத்துட்டுத்தானே சொல்றேன்."

"அப்படி இருக்காதே..." என்று இவர் தலையைச் சொறிந்தார். கீழே வாடிக்கையாளர் கூப்பிட்டார், போய்விட்டார். அந்த வாரம் முழுக்க இதே கதைதான். இவர் வருவார், அப்பா எல்லாவற்றையும் மூடிவிட்டுக் கைகட்டுவார், இவர் ஏதாவது செய்வார், எண் மட்டும் அசையாது.

விஷயம் இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அப்பாவோடு பூங்காவில் நடக்கிற நண்பர் ஒருவர் இருக்கிறார். அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. அதில் பாதி நடக்காத விஷயம். அவர் புதன்கிழமை அப்பா காதில் ஓதிவிட்டார்: பழைய, வேகம் குறைந்த கார்டின்மேல் பெரிய கார்டின் ஸ்டிக்கரை ஒட்டி விற்கிறார்களாம், உள்ளே இருக்கிற மென்பொருளைத் திருத்திப் பெரிய எண்ணைக் காட்ட வைப்பார்களாம், டிரைவரை மாற்றினால் சாயம் வெளுத்துவிடுமாம்.

அன்றிலிருந்து அப்பா என் வீட்டுக்காரரிடம் நேராகப் பேசுவதை நிறுத்தினார். ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டு, "உன் வீட்டுக்காரருக்குத் தண்ணி வேணுமான்னு கேளு" என்பார். தண்ணீர்ச் செம்பு இருவருக்கும் நடுவில்தான் இருக்கும். "மாமாகிட்ட வேண்டாம்னு சொல்லு" என்பார் இவர். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதை நான் அந்த வாரம் சாப்பாட்டு மேசையில் அனுபவித்தேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஏமாற்றுவதற்கு என் வீட்டுக்காரருக்குச் சாமர்த்தியமே கிடையாது. கம்ப்யூட்டர் செத்துப்போச்சு என்று அழாத குறையாகத் தூக்கிக்கொண்டு வருகிறவரிடம், "ஒயர் லூஸா இருந்தது, சொருகிட்டேன், எடுத்துட்டுப் போங்க" என்று அனுப்புகிற மனுஷன். கடைக்காரர் மாதிரி கொஞ்சம் உதட்டைப் பிதுக்கவாவது கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்டவர் மேல்தான் இந்தப் பழி. ஆனால் வியாழக்கிழமை அவரே என்னைக் கடைக்குள் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. மொத்த வியாபாரி என் தலையில போலியைக் கட்டிட்டானோ என்னமோ."

"அப்ப நீங்க ஏமாத்தலை, ஏமாந்துட்டீங்க. அப்படித்தானே?"

"ரெண்டுல எது பரவாயில்லன்னு நினைக்கிறே?"

"எங்கப்பாகிட்ட ரெண்டுமே ஒண்ணுதான்" என்றேன்.

அன்று சாயங்காலம் அப்பா பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தார். அண்ணன் வீட்டுக்குப் போகிறாராம், சனிக்கிழமை ரயிலாம், அண்ணனே டிக்கெட் எடுத்துவிட்டானாம். கொஞ்ச நாளைக்கா என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றார். அப்பாவின் பாக்கலாம் எனக்குத் தெரியும். சட்டைகளை மடித்து அடுக்கிக்கொண்டே இருந்தார். அண்ணன் நல்லவன்தான், அண்ணியும் நல்லவள்தான். ஆனால் அங்கே ஜன்னலோரம் இருக்கும், விமானம் இருக்காது. அவர் மறுபடி தெருவைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார் என்று எனக்குப் பயமாக இருந்தது. ஒரு பாழாய்ப்போன எண்ணுக்காக அப்பாவை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

வெள்ளிக்கிழமை காலை வகுப்பில் ஒரு பெண்மணி வேகமானியையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். இருபதுக்கு மேல் போனால் அலறுவார். நான் என் கைக்குட்டையை எடுத்து வேகமானியின் மேல் போட்டு மறைத்தேன். சாலையைப் பார்த்து அழகாக ஓட்டினார். வீட்டுக்கு வரும்போதே திட்டம் தயார்.

"நீங்க பழையபடி சரி பண்ணிட்டீங்கன்னு அப்பாகிட்ட சொல்லப்போறேன். எண்ணை மறைச்சிட்டு ஓட்டச் சொல்லுவோம். நல்லா ஓடுதுன்னு அவர் வாயாலேயே சொல்லுவாரு. முடிஞ்சது கதை" என்றேன் என் வீட்டுக்காரரிடம்.

"ஆனா நான் எதையும் சரி பண்ணலையே."

"நீங்க எதையும் சொல்ல வேண்டாம். சும்மா பின்னாடி வந்து நின்னா போதும்."

ஒரு துண்டுக் காகிதத்தைத் திரையின் மூலையில் ஒட்டினேன். அப்பாவைக் கூப்பிட்டு, மாப்பிள்ளை ஏதோ பெரிய வேலை செய்து எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டார், எண்ணைக் காட்டும் நிரல் மட்டும் இன்னும் தகராறு, அதை மட்டும் பார்க்காமல் ஓட்டுங்கள் என்றேன். பொய் எனக்கு எப்போதும் கோர்வையாக வரும். என் வீட்டுக்காரர் கதவுப் பக்கம் நின்று காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

அப்பா சந்தேகத்தோடுதான் உட்கார்ந்தார். விமானம் ஓடியது, எழும்பியது, மேகத்துக்குள் நுழைந்தது. அப்பாவின் தோள் கொஞ்சம் இறங்கியது. ஒரு பெரிய வளைவு போட்டார். இன்னொன்று போட்டார். மலையை ஒட்டிப் பறந்தார். ஒருவாரமாக நான் பார்க்காத சிரிப்பு அவர் முகத்தில் வந்தது.

"இப்ப பாரு, வெண்ணெய் மாதிரி போகுது. அந்த இழுப்பே இல்ல. உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, வேலைன்னா இதான் வேலை" என்றார்.

எனக்கு அங்கேயே கை தட்டவேண்டும் போல இருந்தது. பெட்டி இனி கட்டிலுக்கு அடியில்தான். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நான் எதையுமே மாத்தலை மாமா."

நான் பின்னால் நகர்ந்து அவர் காலை மிதித்தேன். பிரேக் பிடிக்கவில்லை.

"இவ சொன்னது பொய். நேத்து எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கு. எனக்குப் பொய்ப் பேர் வேண்டாம்."

அப்பா காகிதத்தைப் பிய்த்தார். முந்நூறு. அவர் காதுமடல் இரண்டும் சிவந்துவிட்டன. அவர் முதலில் என்னைப் பார்த்தார். பிறகு கதவுப் பக்கம் திரும்பி இவரைப் பார்த்தார். இவரை வெகுநேரம் பார்த்தார்.

"அவளோட பொய்யை அப்படியே விட்டிருக்கலாமே மாப்பிள்ளை. நானும் நம்பியிருப்பேன். உங்க மேல இருந்த பழியும் போயிருக்கும்."

இரண்டு நாளைக்குப் பிறகு நேராகப் பேசுகிறோம் என்பதை இருவருமே கவனிக்கவில்லை. எனக்கு இருந்த ஆத்திரத்தில் நானும் கவனிக்கவில்லை.

"பழி போயிருக்கும், கோளாறு போயிருக்காதே" என்றார் இவர். அப்போதுதான் அவர் பார்வை திரைக்குப் போனது. ஓட்டுநர் கவனம் இல்லாத விமானம் தன்பாட்டுக்கு மலைகளுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. மூலையில் முந்நூறு.

"மாமா, விமானத்தை நிறுத்தாதீங்க. பறக்கும்போதும் இது முந்நூறேதானா?"

"அதைத்தானே திங்கட்கிழமைலேர்ந்து சொல்றேன்."

"நான் எப்ப வந்தாலும் எல்லாத்தையும் மூடிட்டுத்தானே காட்டினீங்க. நான் இதை ஓடும்போது பாத்ததே இல்லையே."

"சோதிக்கும்போது சுமையை எடுக்கணும். அதுதானே முறை?"

"நிஜமாவே முந்நூறுல ஓடினா இந்த மலையெல்லாம் இப்படி வராது மாமா. ஒவ்வொரு படமா நின்னு நின்னுதான் வரும். இங்க அப்படி இல்லையே."

அப்பா நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். அவருடைய பழைய உத்தியோக முகம் வந்துவிட்டது. "சுமை ஏறியும் மீட்டர் நகரலைன்னா ரெண்டே காரணம்தான். ஒண்ணு, மீட்டர் செத்திருக்கணும். இல்லன்னா..." என்று நிறுத்தினார். "மாப்பிள்ளை, இந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள வேற ஏதாவது கார்டு இருக்கா?"

என் வீட்டுக்காரர் அப்பாவின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி மவுஸைப் பிடித்தார். எண் காட்டும் நிரலின் அமைப்புகளைத் திறந்தார். அங்கே ஒரு பட்டியல். அதில் இரண்டு பெயர்கள்.

கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸருக்குள்ளேயே சின்னதாக ஒரு கிராபிக்ஸ் சில்லு உண்டாம். பெரிய கார்டு இருக்கும்போது அதற்கு வேலை கிடையாது. இத்தனை நாளும் அது தூங்கிக்கொண்டிருந்தது. புதிய டிரைவர் வந்தபோது அதையும் தட்டி எழுப்பி, வரிசையில் முதலாவதாக நிறுத்திவிட்டது. எண் காட்டும் நிரலோ வரிசையில் முதலாவதாக நிற்பவர் யாரோ அவருடைய வேகத்தைப் படிக்கும். பெரிய கார்டு மூச்சுமுட்ட வேலை செய்ய, சும்மா நின்றிருந்த சில்லின் வேகத்தை ஒருவாரமாகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறோம். பழைய டிரைவரைப் போட்டபோதும் நிரல் தன் புதிய பிடியை விடவில்லை. இவர் அதையெல்லாம் விளக்கிக்கொண்டே இரண்டாவது பெயரைத் தேர்ந்தெடுத்தார். எண் துள்ளி ஆயிரத்து எண்ணூற்று நாற்பதுக்குப் போனது.

"அடுத்த வீட்டு மீட்டர்" என்றார் அப்பா. "அட, நான் அடுத்த வீட்டு மீட்டரைப் படிச்சிட்டு இந்த வீட்டுக்காரரைத் திருடன்னு சொல்லியிருக்கேன்."

முதலில் சிரித்தது அப்பாதான். அப்புறம் இவர். இவர் சிரித்தால் சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும். விமானம் மலையில் முட்டி வெடித்தது, அதற்கும் இருவரும் சிரித்தார்கள். நான் போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது பெட்டி இன்னும் கட்டில்மேலேயே இருந்தது. சட்டைகளும் உள்ளேதான் இருந்தன. எனக்குச் சிரிப்பு போய்விட்டது.

"அப்பா, எண்தான் சரியாயிடுச்சே. இன்னும் ஏன் பெட்டி?"

"டிக்கெட் எடுத்தாச்சேம்மா."

"டிக்கெட் கிடக்கட்டும். உங்களுக்கு இங்க என்ன குறை? சொல்லிட்டுப் போங்க. சொல்லாம போனா நான் விடமாட்டேன்." எனக்குக் குரல் உடைந்துவிட்டது. கோபத்தில் உடைந்தது என்று அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

அப்பா காப்பி டம்ளரைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். "பேச்சை நிறுத்தினேனே தவிர, மாப்பிள்ளை ஏமாத்துவார்னு நான் நினைக்கலை. பூங்காவுல நண்பர் சொன்னதையும் பெருசா எடுத்துக்கலை. ஆனா ஒண்ணு மட்டும் உறுத்திச்சு. கிழவனுக்கு எதுக்கு நல்லது, இது போதும்னு ஒரு சாதாரண கார்டைப் போட்டுக் கொடுத்துட்டீங்களோன்னு. போட்டிருந்தா தப்பும் இல்ல. ஆனா அப்படி நினைக்கிற வீட்டுல எப்படி இருக்கறதுன்னு..." என்று நிறுத்திக்கொண்டார்.

இந்த இடத்தில் ஒரு நல்ல மருமகன் என்ன சொல்வான்? சேச்சே, அப்படி எல்லாம் உண்டா மாமா என்பான். எனக்கு வாய்த்தவர் தொண்டையைச் செருமினார்.

"முதல்ல அப்படித்தான் மாமா நினைச்சேன்."

மறுபடி அவர் காலை மிதித்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டு தொடர்ந்து பேசினார்.

"பாட்டு கேக்கவும், பேரப்பிள்ளைங்க போட்டோ பாக்கவும் சின்ன கார்டு போதும்னு எடுத்து வெச்சிருந்தேன். அப்ப ஒருநாள் நீங்க கடைக்கு வந்தீங்க. யாரோ சரி பண்ணக் கொடுத்த மெஷின்ல அந்த விமானம் இருந்தது. சும்மா ஓட்டிப் பாருங்கன்னு சொன்னேன். ஓடுபாதையை விட்டுட்டு வயல்ல போய் விழுந்தீங்க. எழுந்து போயிடுவீங்கன்னு நினைச்சேன். மறுபடி கிளப்பினீங்க, மறுபடியும் வயல்."

"மூணாவது தடவையும் வயல்தான்" என்றார் அப்பா.

"ஆமா. நாலாவது தடவை கிளப்பினீங்க பாருங்க, அப்ப சின்ன கார்டைத் திரும்ப அலமாரியில வெச்சிட்டேன். எனக்குன்னு ஒரு பெரிய கார்டு வாங்கி வெச்சிருந்தேன். அதை உங்க மெஷின்ல போட்டேன்."

இது எனக்கே புதிய செய்தி. அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப உங்களுக்கு?"

"அந்தச் சின்னது என் மெஷின்ல ஓடுது மாமா. எனக்கு அது போதும்."

அப்பா எழுந்து ஜன்னலிடம் போனார். முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, போட்டுக்கொண்டார். நான் அழுதேன், அதை மறைக்கவும் இல்லை. என் வீட்டுக்காரர் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டவர் மாதிரி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்பா போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டார்.

"டிக்கெட்டை ரத்து பண்ணிடுப்பா" என்றார். அண்ணன் காரணம் கேட்டிருக்க வேண்டும். அப்பா பெட்டிக்குப் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து, மேலே இருந்த சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"கார்டுல ஒண்ணும் கோளாறு இல்ல. படிச்சதுதான் தப்பு. நான் இங்கேயே இருக்கேன்."